கினி பிக் கண்ணில் பீளை, நீல மங்கல், பூ விழுந்த மாதிரி வெள்ளை: சொட்டு மருந்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

செவ்வாய்ப்பேட்டை | 06.04.2024, இரவு 9.10

ரெண்டு கினி பிக் இருக்கு, ரெண்டும் பொட்டை, ஒன்றரை வயசு. சின்னதுக்கு வலது கண்ணுல மட்டும் தண்ணி வடிஞ்சுது, ஓரத்துல பீளை. மெட்ராஸ் ஐன்னு நெனச்சு மருந்துக்கடையில கேட்டோம், மனுஷங்களுக்குப் போடற சொட்டு மருந்து குடுத்தாங்க. போட்டதும் சிவப்பு நல்லாவே குறைஞ்சுது. இப்பப் பாத்தா கருவிழி நடுவுல நீலமா, பூ விழுந்த மாதிரி இருக்கு. தீனி எடுக்குது, வலி இருக்கற மாதிரி தெரியல. சிவப்புதான் போயிடுச்சே, அதே மருந்தை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

புல்லுக்கட்டு | 06.04.2024, இரவு 9.35

ஓட்டாதீர்கள். இன்றிரவே நிறுத்துங்கள். புட்டியின் மேல் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை அப்படியே இங்கே போடுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன், லோட்டெப்ரெட்னால், ஃப்ளூரோமெத்தலோன், இதில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. சிவப்பை அடக்குவதுதான் அதன் வேலை. கருவிழியில் புண் இருந்தால், புதுத் தோல் ஏறி மூடுவதையும் அதே மருந்து தடுக்கும். கிருமியை எதிர்க்கும் சக்தியையும் குறைக்கும். பார்வைக்குச் சிவப்பு போய்க் கண் தெளிந்த மாதிரி தெரியும், அடியில் புண் ஆழமாகிக்கொண்டே போகும்.

ஒரு கண்ணில் மட்டும் நீர், அதன்பின் நடுவில் நீல மங்கல் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புல் குத்திய கருவிழிப் புண். மேல்தோல் பெயர்ந்த இடத்தில் ஈரம் உள்ளே ஊறி கருவிழி வீங்குவதால்தான் நீலம் தட்டுகிறது.

வலி தெரியவில்லை என்பதை நம்ப வேண்டாம். கினி பிக்கின் கருவிழிக்கு உணர்ச்சி குறைவு. சாதாரணமாகவே பல நிமிஷம் இமைக்காமல் இருக்கும். நாயாக இருந்தால் காலால் கண்ணைத் தேய்த்து ஊரைக் கூட்டியிருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை | 06.04.2024, இரவு 9.50

சிப்ரோஃப்ளாக்சசின், கூடவே டெக்ஸாமெத்தசோன்னு போட்டிருக்கு. நிறுத்திட்டேன்.

புல்லுக்கட்டு | 06.04.2024, இரவு 10.05

சரி. இன்றிரவுக்கு வேலை கொஞ்சம்தான். மருந்துக்கடையில் 0.9 சதவீத சலைன் 10 மி.லி. பிளாஸ்டிக் ஆம்ப்யூலாகக் கிடைக்கும். உள்ளங்கையில் வைத்துக் குளிர் தணிந்ததும், கண்ணின் மூக்கோர மூலையிலிருந்து வெளிப்பக்கமாக 2, 3 மி.லி. ஓடவிடுங்கள். பீளை காய்ந்து ஒட்டியிருந்தால் சலைனில் நனைத்த துணியை ஒரு நிமிஷம் ஒற்றிவைத்தால் தானாக இளகும், பிய்க்க வேண்டாம். பஞ்சு வேண்டாம், இழை உள்ளே போகும். வீட்டில் பழைய காட்டன் வேட்டித் துணி இருந்தால் அதுவே போதும்.

உமியோ புல்லோ கண்ணில் தெரிந்து, சலைனிலும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ட்வீசரை எடுக்காதீர்கள். டாக்டர் ப்ரோப்பரகெய்ன் சொட்டு விட்டு மரக்கவைத்து இமையைப் புரட்டி எடுப்பார். அந்த மரக்கும் சொட்டை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வரக் கூடாது, திரும்பத் திரும்பப் போட்டால் அதுவும் புண்ணை ஆறவிடாது.

காலையில் டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஃப்ளோரசீன் சாயம் போட்டுப் பாருங்க சார்." காகிதப் பட்டையாக வரும். ஈரமாக்கி இமைக்குள் தொட்டுவிட்டு, சலைனில் கழுவி, நீல விளக்கில் பார்த்தால் புண் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும். சாயம் போடாமல் எந்தக் கண் மருந்தும் எழுதினால் அது குருட்டு வைத்தியம்.

மருந்துச்சீட்டு | 07.04.2024, காலை 6.20

கடை நடத்துகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. மருந்துப் பெயரின் வாலில் டி, டி.எக்ஸ்., எல்.பி. மாதிரி எழுத்து ஒட்டியிருந்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, பின்பக்கம் திருப்பிப் படிக்கவும். கீட்டோரோலாக், டைக்ளோஃபெனாக் சொட்டுகள் ஸ்டீராய்டு இல்லை, ஆனாலும் புண் உள்ள கருவிழிக்கு அவையும் ஆகாது. "கண்ணு சிவந்திருக்கு" என்று கேட்டால் கவுன்டரில் கை போவது இந்தக் கலவை மருந்துகள் பக்கம்தான். மனிதருக்கே சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாதவை.

கன்னங்குறிச்சி | 07.04.2024, காலை 7.05

எங்க பக்கம் எல்லாம் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி ரெண்டு சொட்டு விடுவாங்க. தாய்ப்பால் விடறதும் உண்டு. விளக்கெண்ணெய் குளிர்ச்சி. இதெல்லாம் பக்கவிளைவு இல்லாதது தானே?

புல்லுக்கட்டு | 07.04.2024, காலை 7.40

அக்கா, பூச்சாறில் என்ன கிருமி இருக்கிறது என்று பூவுக்கே தெரியாது. தோல் பெயர்ந்த கருவிழியில் செடிச்சாறு பட்டால் பூஞ்சைப் புண்ணுக்கு வழி. வயலில் தாள் குத்திய கண்ணில் பூஞ்சை வருவது நம் ஊர்க் கண் டாக்டர்களுக்குப் பழகிப்போன விஷயம். அதன்மேல் ஸ்டீராய்டும் சேர்ந்தால் கண் போகும் வழிதான். தாய்ப்பாலில் சர்க்கரை இருக்கிறது, கிருமிக்கு விருந்து. விளக்கெண்ணெய் கண்ணில் படிந்தால் அடுத்த அரைமணியில் கூண்டுத் தூசி முழுக்க அதில் ஒட்டியிருக்கும். மஞ்சள் தண்ணீர், பன்னீர், தேன் எல்லாவற்றுக்கும் இதே பதில்.

சலைன் கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அன்றைக்கு மட்டும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவத்தையும் சலைனையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நாகலூர் | 07.04.2024, காலை 8.15

எங்களுது தினமும் காலைல கண்ணுல பால் மாதிரி வெள்ளையா ஏதோ வருது, ரெண்டு கையாலயும் மூஞ்சி பூரா தேச்சுக்குது. அப்ப எல்லாத்துக்கும் புண்ணா? பயமா இருக்கு.

புல்லுக்கட்டு | 07.04.2024, காலை 8.30

இல்லை. அது கினி பிக்கின் முகம் கழுவும் சோப்பு. இரண்டு கண்ணிலும் ஒரே அளவாகப் பால்போல ஒரு துளி வரும், முன்கால்களில் வழித்து முகத்தில் தேய்க்கும், சில நொடியில் முடிந்துவிடும். பிறகு கண் பளிச்சென்று இருக்கும். மஞ்சளாக, பச்சையாக, கெட்டியாக இருந்தாலோ, நாள் பூராவும் வந்தாலோ, இமை ஒட்டினாலோ, கண்ணடி முடி நனைந்து கற்றையாக நின்றாலோதான் நோய்.

வெள்ளை உடம்பும் சிவப்புக் கண்ணும் உள்ளதைப் பார்த்து யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது பிறவி நிறம், மருந்து கிடையாது.

செவ்வாய்ப்பேட்டை | 07.04.2024, மதியம் 2.20

சாயம் போட்டாங்க. நடுவுல மிளகு சைஸுல பச்சையா தெரிஞ்சுது. புண்ணுதான். கீழ் இமைக்குள்ள இருந்து ஒரு உமி எடுத்தாங்க! ஸ்டீராய்டு இல்லாத மாக்ஸிஃப்ளாக்சசின் சொட்டு தினம் 6 தடவை, வலிக்கு வாய்வழி மருந்து. மூணாம் நாள் மறுபடி வரச் சொல்லிருக்காங்க. சொட்டு விடத்தான் தெரியல, பிடிச்சா திமிறுது.

புல்லுக்கட்டு | 07.04.2024, மாலை 5.00

உமி வெளியே வந்ததே பாதி வைத்தியம். உள்ளே அது இருந்திருந்தால் எந்தச் சொட்டும் வேலை செய்திருக்காது.

பிடிக்கும் முறை: தரையில் உட்காருங்கள், மேஜை மேல் வேண்டாம், துள்ளி விழுந்தால் முதுகெலும்பு போய்விடும். கைத்துண்டில் கழுத்து வரை சுற்றி, அதன் பின்பாகம் உங்கள் வயிற்றில் முட்டும்படி மடியில் வையுங்கள். நெஞ்சை அழுத்தக் கூடாது, மூச்சு அங்கேதான் ஓடுகிறது. இடது கையால் தாடையைத் தாங்கி, கட்டைவிரலால் மேல் இமையைக் கொஞ்சம் மேலே இழுங்கள். புட்டியை முகத்துக்கு நேராகக் கொண்டுபோனால் பின்வாங்கும். தலைக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து ஒரே ஒரு சொட்டு. அந்தச் சின்னக் கண்ணில் இரண்டாவது சொட்டுக்கு இடமில்லை, வழிந்து மோவாயில் போகும், அதை நக்கும். புட்டி முனை கண்ணிலும் முடியிலும் படக் கூடாது. உடனே ஒரு கொத்தமல்லித் தண்டு கொடுங்கள், அடுத்த முறை துண்டைப் பார்த்ததும் தானே மூக்கை நீட்டும்.

இரண்டு மருந்து இருந்தால் நடுவில் 5 நிமிஷம் இடைவெளி. ஆயின்ட்மென்ட் இருந்தால் அது கடைசியாக, அரிசி அளவு. கண்ணுக்கு என்று எழுதியிருக்கும் ஆயின்ட்மென்ட் மட்டும். தோலுக்குப் போடுவதைக் கண்ணில் போடும் வழக்கம் பல வீட்டில் இருக்கிறது.

தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதுங்கள். கண் வலியால் மெல்லுவதைக் குறைத்தால் குடல் நின்றுபோகும். கினி பிக்கைக் கண்ணை விட வேகமாகக் கொல்வது அதுதான். 12 மணி நேரம் ஒன்றும் தின்னவில்லை, புழுக்கை சிறுத்துவிட்டது என்றால் அன்றே டாக்டர். அதுவரை பெல்லட் தீனியை (கடையில் விற்கும் குச்சித் தீனி) வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக.

புல்லுக்கட்டு | 07.04.2024, இரவு 8.10

கண் மருந்தைப் பற்றியே பேசிவிட்டோம், வாய் மருந்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், செஃபலெக்சின் வகை, கிளிண்டாமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின் இவை வாய்வழியாகப் போனால் கினி பிக்கின் குடலில் நல்ல கிருமியெல்லாம் செத்து, க்ளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட கிருமி பெருகி, நஞ்சு ஏறிச் சாகும். கண்ணைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட கதை இதுதான். என்ரோஃப்ளாக்சசின், ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா போன்றவை இதற்குப் பொதுவாக ஒத்துப்போகும், அளவை டாக்டர் எடை பார்த்து எழுதட்டும்.

நம் பக்கத்து டாக்டர்கள் பார்ப்பது மாடு, ஆடு, நாய், கோழி. கினி பிக் அரிது. அதனால் மருந்து எழுதும்போதே "சார், இதுக்கு பெனிசிலின் வகை ஆகாதுன்னு சொல்றாங்க, சரியா?" என்று கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று: நாய்க்கு வைக்கும் கண்ணீர் அளவுப் பட்டையை இதற்கு வைத்தால் பூஜ்யம் காட்டும். நாய்க்கு 15 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். நலமாக உள்ள கினி பிக்குக்கே ஒரு மி.மீ.கூட வராது. அதைப் பார்த்து உலர்கண் என்று முடிவுகட்டினால் தப்பு.

கன்னங்குறிச்சி | 09.04.2024, காலை 10.00

எங்க வீட்டுல ஒரு கண்ணுல இல்ல, ரெண்டு கண்ணுலயும். நாலு குட்டி, எல்லாத்துக்கும் கண்ணு சிவந்து மஞ்சள் பீளை. பெரியவங்க ரெண்டும் நல்லா இருக்கு. கடையில வாங்கின ஆண் ஒண்ணை ஒரு மாசம் முன்ன கூட சேர்த்தோம்.

புல்லுக்கட்டு | 09.04.2024, மாலை 6.30

ஒரு கண் என்றால் அந்த இடத்துக் கோளாறு: புல், கீறல், பல் வேர். இரண்டு கண் என்றால் உடம்பு முழுக்கவோ கூண்டு முழுக்கவோ உள்ள கோளாறு: மூச்சுத் தொற்று, வைட்டமின் சி குறைவு, மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா, தூசி. இந்தப் பிரிவினை நூற்றுக்கு நூறு சரியில்லை, ஆனால் எங்கே தேடத் தொடங்குவது என்று காட்டும்.

4 முதல் 8 வாரக் குட்டிகளுக்குக் கூட்டமாக வந்தால் க்ளமிடியா கேவியே என்ற கிருமியை நினைக்க வேண்டும். கினி பிக்கின் இந்தக் கண்நோயை 1964இலேயே விவரித்திருக்கிறார்கள். லேசானதாக இருந்தால் 3, 4 வாரத்தில் தானே அடங்கும்; கூடவே வேறு கிருமி சேர்ந்தால் நிமோனியா வரை போகும். இமையின் உள்பக்கம் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தால் தெரியும். டாக்சிசைக்ளின் வகை மருந்து வேண்டியிருக்கலாம், டாக்டர் சொல்லி மட்டும். நெதர்லாந்தில் இது கினி பிக்கிடமிருந்து மனிதருக்குத் தொற்றிக் கடும் நிமோனியா வந்த பதிவு உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் தொட்ட கையால் உங்கள் கண்ணைத் தேய்க்காதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மூக்கிலும் சளி, மூச்சில் கரகரப்பு, முடி சிலிர்த்து மூலையில் குந்தியிருப்பது, இவை கூட இருந்தால் கண்ணை மறந்துவிட்டு அன்றே ஓடுங்கள். போர்டெடெல்லா என்ற கிருமி முயலிடமும் நாயிடமும் பல நேரம் ஒன்றும் செய்யாமல் இருக்கும், கினி பிக்கை வீழ்த்தும். கடையில் முயலும் இதுவும் ஒரே கூண்டில் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இனி புதிதாக எது வாங்கினாலும் 3 வாரம் வேறு அறை, வேறு தட்டு, பழையதுக்குத் தீனி வைத்துவிட்டுப் புதியதுக்கு வைப்பது என்ற வரிசை.

நாகலூர் | 09.04.2024, இரவு 9.00

மெட்ராஸ் ஐன்னா கருப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுடலாம்னு பாத்தேன், விட மாட்டேங்கறீங்களே. வைட்டமின் சி பத்தி எங்களுக்குக் கவலை இல்ல, ஏற்காட்டு ஆரஞ்சு வீட்டுக் கொல்லையிலயே இருக்கு. தினம் ரெண்டு சுளை குடுக்கறோம்.

புல்லுக்கட்டு | 10.04.2024, காலை 7.15

கணக்குப் போடுவோம். நம்மைப் போலவே கினி பிக்கும் வைட்டமின் சியைத் தானே தயாரிக்க முடியாத ஜீவன். 1907இல் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற நார்வேக்காரர்கள் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயை ஆராய்ந்ததே கினி பிக்கை வைத்துத்தான். வளர்ந்த ஒன்றுக்கு நாளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 30 மி.கி. வேண்டும், சினையாக இருந்தால் இன்னும் அதிகம். மலை ஆரஞ்சில் 100 கிராமுக்கு 25, 30 மி.கி.தான். இரண்டு சுளை 20 கிராம் என்றால் 6 மி.கி.க்கு மேல் வராது. பற்றாக்குறையைச் சுளையிலேயே நிரப்பப் பார்த்தால் சர்க்கரையும் புளிப்பும் ஏறி வயிறு கழியும்.

பச்சைக் குடைமிளகாயில் 100 கிராமுக்கு சுமார் 80 மி.கி., விதை நீக்கி 25 கிராம் துண்டு ஒரு நாளைக்குப் போதும். கொய்யாவில் 200க்கும் மேல். கட்டைவிரல் அளவு துண்டு, வாரத்தில் சில நாள். பெரிய நெல்லி மெல்லிய சீவல் ஒன்று, தின்றால் யோகம். முருங்கைக் கீரையில் சியும் உண்டு, சுண்ணாம்புச் சத்தும் ஏராளம்; தினமும் போட்டால் சிறுநீர்ப்பையில் கல், வாரம் ஒன்றிரண்டு ஈர்க்கு போதும். சேலத்தில் அஸ்தம்பட்டி, சூரமங்கலம் உழவர் சந்தையில் இவ்வளவும் காலையிலேயே கிடைத்துவிடும்.

தண்ணீர்ப் புட்டியில் வைட்டமின் கரைப்பது வீண், வெளிச்சத்திலும் சூட்டிலும் சீக்கிரமே கெடும், புளிப்பு பிடிக்காமல் தண்ணீர் குடிப்பதையும் குறைக்கும். மாத்திரைதான் வழி என்றால் 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரையில் கால் பங்கைப் பொடித்து 2.5 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். ஒரு மி.லி.யில் 50 மி.கி. இருக்கும், அரை மி.லி. கொடுத்தால் 25 மி.கி. மிச்சத்தை நாளைக்கு என்று வைக்காதீர்கள். மல்டிவைட்டமின் வேண்டாம், அதில் உள்ள ஏ, டி கூடிப்போனால் வேறு வினை.

இங்கே கினி பிக் தீனி என்று பல கடையில் விற்பது முயல் பெல்லட். அதில் சி சேர்ப்பதில்லை, முயலுக்குத் தேவையில்லை. சி சேர்த்த பெல்லட்டும் அரைத்த நாளிலிருந்து 90 நாள் வரைதான் என்று கணக்கு. நம் ஊர் ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் கிடந்த மூட்டை என்றால் அதுவும் இல்லை.

சி குறைந்தால் கண்ணில் மட்டும் காட்டாது: இமையோரம் பொருக்கு, முடி சொரசொரப்பு, மூட்டு வீங்கி நடக்கத் தயங்கும், தூக்கினால் கீச்சிடும்.

செவ்வாய்ப்பேட்டை | 10.04.2024, இரவு 8.45

மறுபடி காட்டினோம். பச்சை கடுகு அளவுக்குச் சுருங்கிடுச்சு. சாயம் மூக்கு வழியா வந்துச்சு, பயந்துட்டேன்.

புல்லுக்கட்டு | 10.04.2024, இரவு 9.20

மூக்கில் பச்சை வந்தால் நல்ல சேதி, கண்ணீர்க் குழாய் அடைபடவில்லை. சாதாரணப் புண் 3 முதல் 7 நாளில் மூடும். பச்சை முழுக்கப் போகும் வரை சொட்டை நிறுத்த வேண்டாம். ஒரு வாரத்தில் மூடவில்லையென்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள்: இன்னொரு உமி, உள்ளே மடிந்த இமை, பல்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ஓரம் மட்டும் வளையமாகப் பச்சை, நடுவில் தெளிவாகக் கருப்பு என்று தெரிந்தால் ஆறுகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். கருவிழி கடைசிச் சவ்வு வரை அரித்துவிட்டது, அந்தச் சவ்வு சாயம் பிடிக்காது, அவ்வளவுதான். எப்போது வேண்டுமானாலும் ஓட்டையாகும். கருவிழி கூழாகித் தொங்குவது போல் தெரிந்தாலும் அதே அவசரம். அதற்கு நாமக்கல்தான். 1985 முதல் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி, எக்ஸ்ரேயும் மயக்க மருந்தும் ஓரிடத்தில் இருக்கும்.

நாகலூர் | 11.04.2024, காலை 9.30

மலையிலிருந்து கொண்டுபோக வழி சொல்லுங்க. 20 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் பஸ்.

புல்லுக்கட்டு | 11.04.2024, காலை 10.10

மூடியில் துளை போட்ட பெட்டி, அடியில் துண்டு, அதன்மேல் திமிர இடம் விடாத அளவுக்குப் புல். தண்ணீர்ப் புட்டி வளைவில் சொட்டி எல்லாவற்றையும் நனைக்கும். பதிலாக வெள்ளரித் துண்டு. ஜோடி இருந்தால் இரண்டையும் ஒன்றாக. விடிகாலை வண்டியில் இறங்கிவிடுங்கள். மலைக்குளிரிலிருந்து அடிவாரச் சூட்டுக்கு வருவது இதற்குப் பெரிய வித்தியாசம், 30 டிகிரி தாண்டினாலே தவிக்கும். துணி சுற்றிய ஐஸ் புட்டி ஒன்று பெட்டி ஓரத்தில்.

கன்னங்குறிச்சி | 28.05.2024, மாலை 4.00

குட்டிங்க எல்லாம் தேறிடுச்சு. இப்ப பெரிய ஆணுக்குக் கீழ் இமைக்குள்ள பட்டாணி மாதிரி வெளுப்பா சதை துருத்தி நிக்குது. ரெண்டு பக்கமும். பீளை இல்ல.

புல்லுக்கட்டு | 28.05.2024, இரவு 7.50

எடை என்ன? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, பீளை இல்லை, சிவப்பு இல்லை என்றால் இமைக்குள் கொழுப்புச் சேர்ந்திருக்கிறது. 'பட்டாணிக் கண்' என்றே சொல்வார்கள். பரம்பரையாகவும் வரும், கொழுத்தவற்றுக்கும் வரும். மருந்து வேண்டியதில்லை, பெல்லட்டைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். இமை மூட முடியாத அளவுக்குப் போனால் மட்டும் காட்டுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது கண்விழியே முன்னால் பிதுங்குவது. தலைக்கு நேர் மேலேயிருந்து பாருங்கள், முன்பக்கமிருந்து தெரியாது. ஒரு விழி மற்றதைவிட வெளியே நின்றால், பெரும்பாலும் மேல்கடைவாய்ப் பல்லின் வேர். இதன் பல் 20ம் சாகும்வரை வளரும். புல் தின்று தேயாவிட்டால் மேலே கண்குழி பக்கம் வேர் முட்டும், பின்னால் சீழ் கட்டும். மோவாய் நனைந்திருக்கும், கெட்டியானதை எடுத்து வாயில் வைத்துக் கீழே போடும், எடை இறங்கும். மண்டை எக்ஸ்ரே இல்லாமல் கண் சொட்டு போட்டுக்கொண்டிருப்பது நேர விரயம்.

புல்லுக்கட்டு | 28.05.2024, இரவு 8.05

கருவிழி ஓரத்தில் சுண்ணாம்பு போல வெள்ளை வளையம் தெரிந்தால் அது வேறு. கண்ணுக்குள் எலும்பு வளர்வது, கினி பிக்கில் அடிக்கடி காணப்படும் விசித்திரம். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கண் அழுத்தம் ஏறுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கருவிழியில் முடி முளைத்த குட்டியும் பிறக்கும், பில்லி சூனியம் இல்லை, தோல்துணுக்கு இடம் மாறி வளர்ந்தது, அறுவைசிகிச்சையில் எடுக்கலாம்.

நாகலூர் | 14.07.2024, காலை 8.00

இங்க ஒரு வாரமா பனிமூட்டம், புல்லு காயவே மாட்டேங்குது. படுக்கைக்குக் காப்பிக் கொட்டைத் தோலு போடலாமா? எஸ்டேட்ல மூட்டை மூட்டையா சும்மா கிடக்கு. இல்லன்னா சில்வர் ஓக் மரத்தூள்.

புல்லுக்கட்டு | 14.07.2024, மதியம் 1.30

காப்பித் தோல் வேண்டாம். தூசி, ஈரத்தில் பூஞ்சை, போதாததற்கு உள்ளே காஃபீன். படுக்கையைத் தின்னும் ஜீவனுக்கு அது ஆகாது. மரத்தூளும் வேண்டாம், அறுவை மில் தூள் நேராகக் கண்ணில்தான் போகும். தச்சுப்பட்டறையில் இழைத்த சுருள் சீவல் என்றால், சல்லடையில் தட்டித் தூசி போக்கிப் போடலாம். தேக்குச் சீவலைத் தவிருங்கள், தோலையும் கண்ணையும் உறுத்தும். மழைக்காலத்தில் எனக்குச் சரி என்று படுவது கீழே செய்தித்தாள் அடுக்கு, மேலே பழைய காட்டன் துணி, தினமும் மாற்றித் துவைப்பது. வேலை அதிகம், கண் கோளாறு குறையும்.

புல்லைப் பாலிதீன் பையில் கட்டிவைக்காதீர்கள். சணல் சாக்கில், தரையிலிருந்து பலகை வைத்து உயர்த்தி. ஒரு பிடியை எடுத்து வெளிச்சத்தில் உதறிப் பாருங்கள், புகை கிளம்பினால் அந்தக் கட்டு மாட்டுக்குக்கூட வேண்டாம். அருகம்புல்தான் கண்ணுக்குப் பத்திரம். கொழுக்கட்டைப் புல் கதிர் வந்தபின் சுணை, கதிரைக் கிள்ளிவிட்டுப் போடவும். ஊசிப்புல் ஒன்றுகூடக் கலந்திருக்கக் கூடாது. நேப்பியர் தீவனப் புல்லை நான்கு விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, தண்டு முனை முகத்துக்கு நேராக நிற்காதபடி தரையில் பரப்புங்கள். கூண்டில் முகமட்டத்துக்குப் புல்லைத் திணித்துவைக்கும் கம்பித் தட்டுதான் பல கண் புண்ணுக்குக் காரணம்; முகத்தை உள்ளே விட்டு இழுக்கும்போது குத்தும்.

அமோனியாவுக்கு ஒரே பரிசோதனை: மண்டியிட்டு உங்கள் மூக்கைக் கூண்டுத் தரைக்கு 15 செ.மீ. உயரத்தில் வைத்து, நெடி அடிக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் டப்பில் வளர்ப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும், உயரமான சுவருக்குள் நாற்றம் அடியிலேயே தேங்கும்.

மருந்துச்சீட்டு | 02.09.2024, இரவு 9.40

ஒரு வாடிக்கையாளர் கேட்டது: ஐந்து வயதுக் கினி பிக், இரண்டு விழிக்குள்ளும் வெள்ளை, சாயம் பிடிக்கவில்லை. கண்புரைச் சொட்டு என்று ஏதாவது உண்டா?

புல்லுக்கட்டு | 03.09.2024, காலை 6.50

கிடையாது. புரையைக் கரைக்கும் சொட்டு மனிதருக்கே இல்லை. தண்ணீர் நிறையக் குடிக்கிறதா, எடை இறங்குகிறதா என்று பார்த்து, ஆமென்றால் சர்க்கரை நோய்க்குச் சோதிக்கச் சொல்லுங்கள். மற்றபடி மூக்கும் மீசையும் காதும் வைத்தே இது காலத்தை ஓட்டிவிடும். தட்டு, புட்டி, ஒளியும் பெட்டி மூன்றையும் இடம் மாற்ற வேண்டாம், தொடுவதற்கு முன் குரல் கொடுங்கள், கூட இருப்பதைப் பிரிக்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை | 03.09.2024, இரவு 8.15

ஏப்ரல்ல வாங்கின மாக்ஸிஃப்ளாக்சசின் பாதி மிச்சம் இருக்கு. பக்கத்து வீட்டு முயலுக்குக் கண்ணுல தண்ணி வருதாம், கேக்கறாங்க.

புல்லுக்கட்டு | 03.09.2024, இரவு 8.20

திறந்து ஒரு மாதம் தாண்டிய புட்டி குப்பைக்கு. முயலுக்குச் சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பல்லையும் சேர்த்து.